மேனேஜர் ராஜாராமின் ஆயுத பூஜை

மாகறல் ராஜாராம் வேலைக்குச் சேர்ந்த கதையே ஒரு கூத்து. உத்திரமேரூருக்கு வெளியே, யானைக்கால் நோயை ஆராய்ச்சி பண்ணவென்று ஒரு தர்ம ஸ்தாபனம் வந்து இடம் தேடிக்கொண்டிருந்தது. கள்ளியும் கல்லும் தவிர ஒன்றும் விளையாத மேட்டு நிலம் ஒன்று ராஜாராமின் அப்பாவிடம் கிடந்தது. "நெலத்தைக் குடுத்துடறேன். எம்புள்ளைக்கு உள்ள ஒரு வேலை போட்டுக் குடுத்துடணும்" என்றார் கிழவர். விளையாத நிலத்தையும் வேலை செய்யாத பிள்ளையையும் ஒரே கையெழுத்தில் தள்ளிவிட்ட சாமர்த்தியத்தை மாகறலில் ரொம்ப நாள் பேசிச் சிரித்தார்கள்.

முதலில் அவருக்குக் கேட் ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். உட்காருவதில் மன்னன் நம்ம ஆள். அங்கிருந்து ஸ்டோர் ரூம் நாற்காலி, அங்கிருந்து ஆபீஸ் நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து, எழுபத்தி அஞ்சுக்குள் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஆகிவிட்டார். கட்டடம், தண்ணி டேங்க், மோட்டார், ஜெனரேட்டர், ஜீப், பூட்டு, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது சும்மாவா?

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கரண்ட் போன மறு நிமிஷமே ஜெனரேட்டர் ஓடும். டேங்கில் தண்ணி இல்லாத நாளே கிடையாது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டது எலக்ட்ரீஷியன் கன்னியப்பன். ராஜாராம் பார்த்துக்கொண்டது கன்னியப்பனை. இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அவர் வராந்தாவில் நடந்து வரும் அழகே தனி.

"டாக்டருங்க வருவான், போவான். இந்த எடம் நிக்கிறது இன்னா ஆராய்ச்சியிலயா? என் தோள் மேல நிக்குது" என்பார்.

ஆராய்ச்சி என்றாலே அவருக்கு இளக்காரம். அதிலும் டாக்டர் சாமுவேல் என்றால் கேட்கவே வேண்டாம். சாமுவேல் பாளையங்கோட்டைப் பக்கத்து மனிதர். ஒல்லி. தொட்டதற்கெல்லாம் சந்தேகம். எதையும் மூன்று தடவை கேட்பார். "பூட்டினீங்களா? நல்லாப் பூட்டினீங்களா? நிச்சயமாப் பூட்டினீங்களா?" அப்புறம் தானே போய் இழுத்துப் பார்ப்பார். பூட்டின ஆளுக்கு எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு வலைக்கூண்டு கட்டி, சர்க்கரைத் தண்ணி வைத்து, கொசு வேறு வளர்த்தார்.

"ஊரு ஒலகத்துல கொசுவை அடிப்பான். இவன் நாஷ்டா குடுத்து வளத்துக்கினு கீறான்" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ராஜாராம் சொன்னால் பெஞ்சே குலுங்கும். கொசு டாக்டர் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

வாசலில் வந்து நிற்கும் நோயாளிகளிடமும் அதே இளக்காரம்தான். "தூணைத் தூக்கிக்கினு வந்துடுதுங்க காலையில" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார். இத்தனைக்கும் மாகறலில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அத்தை இருந்தாள். ஒரு கால் நெல் அளக்கிற மரக்கால் பருமன். யார் வந்தாலும் கதவைச் சாத்தி விடுவார்கள். சின்ன வயசில் அவளுக்குச் சோற்றுத் தட்டைக் கதவுச் சந்தில் தள்ளிவிட்டு ஓடி வந்தவர் இந்த ராஜாராம். அந்த அத்தை செத்தபோது ஊருக்கே அப்போதுதான் அப்படி ஒருத்தி இருந்தது தெரிந்தது. இதை அவர் ஸ்தாபனத்தில் ஈ காக்கையிடம் கூடச் சொன்னதில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் கப்பலில் ஏறி ஒரு ஃப்ரீசர் வந்தது. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி, வெள்ளை வெளேரென்று. சாமுவேல் அதைக் கட்டிப் பிடிக்காத குறை. பல வருஷம் மாரடித்துப் புழுவிலிருந்து இறக்கிய ஒரு சாறு அவரிடம் இருந்தது. சின்னச் சின்னக் குப்பிகளில் அதை ஊற்றி உள்ளே அடுக்கினார். யானைக்கால் புழு ரத்தத்தில் ராத்திரியில்தான் தலை காட்டும். அதைப் பிடிக்க ஊர் தூங்கின பிறகு அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகப் போய் விரலில் குத்த வேண்டும். நாய் துரத்தும், ஜனம் ஏசும். இந்தச் சாறு இருந்தால் அந்தப் பேஜார் கிடையாது. பட்டப்பகலில் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால், நோய் உள்ளே ஒளிந்திருந்தாலும் வெள்ளையாக ஒரு கோடு படியும். கால் வீங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவிடலாம். சாமுவேலின் உயிர் அந்தக் குப்பிகளில்தான் இருந்தது.

இனி ஆயுத பூஜைக்கு வருவோம். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் டாக்டர்கள் பேச்சு செல்லும். அந்த ஒரு நாள் மட்டும் ராஜாராம் ராஜா. கேட்டில் வாழை மரம், ஜீப்புக்கு மாலை, மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு, ஜெனரேட்டருக்குப் பட்டையாக விபூதி. பட்டு வேட்டியும் வெற்று மார்புமாக மணியடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு ரூமாகப் போவார். அவருடைய தாயில்லாப் பெண் சுலோச்சனா பாவாடை தடுக்கத் தடுக்கக் கற்பூரத் தட்டோடு பின்னால் வருவாள். கும்பிட்டதும் ஒவ்வொரு மெஷினாக நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை போட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. "வருஷம் பூரா நமக்கு உழைக்குது, ஒரு நாள் மூச்சு வாங்கட்டுமே" என்பார். அரிவாளுக்கும் ஏருக்கும் மாகறலில் என்ன செய்தார்களோ அதேதான் இங்கேயும்.

ஃப்ரீசர் வந்த முதல் வருஷம், பூஜை லீவுக்கு ஊருக்குக் கிளம்பின சாமுவேல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ராஜாராம், எல்லாத்தையும் நிறுத்துங்க. ஃப்ரீசரை மட்டும் நிறுத்த வேண்டாம். மாலை போடுங்க, பொட்டு வைங்க, எனக்கும் சந்தோஷம். பிளக்கை மட்டும் தொடாதீங்க. தொட மாட்டீங்கல்ல? நிச்சயமாத் தொட மாட்டீங்கல்ல?"

கன்னியப்பன், பெருக்குகிற ஜெயம்மாள், தோட்டக்காரன் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க இதைச் சொன்னார். அதுதான் சுட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாரோ என்னவோ. கேட்டிருக்க மாட்டார். அந்த மூஞ்சிக்கு யார் சொன்னாலும் ஏறாது.

"எங்கப்பன் நெலத்துல நின்னுக்கினு எனக்கே சட்டமா? சாமி முன்னாடி எல்லா மெஷினும் ஒண்ணுதான். இதுக்கு மட்டும் கொம்பா மொளைச்சு கீது?" என்று பூஜையன்று ஃப்ரீசர் முன்னால் நின்று கத்தினார்.

"டாக்டரு அம்மாம் தூரம் சொல்லிட்டுப் போனாரே சார்" என்று கன்னியப்பன் இழுத்தான்.

"நீ டாக்டருக்கு வேல செய்றியா, எனக்கு வேல செய்றியா?"

கன்னியப்பன் நகர்ந்து வழி விட்டான். ராஜாராம் தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கின பிளக்குக்கும் ஒரு பொட்டு வைத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சுலோச்சனா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறக்காத புழுக்கம். மறுநாள் மறுபூஜைக்குக் கதவைத் திறந்தபோது ஃப்ரீசரைச் சுற்றித் தண்ணி நின்றது. கன்னியப்பன் கோணியைப் போட்டுத் துடைத்தான். பிளக்கைச் சொருகினதும் பெட்டி உர்ரென்று உறுமியது. சாமுவேல் ஊரிலிருந்து வந்து திறந்து பார்த்தபோது குப்பியெல்லாம் கல்லு கல்லாக இறுகிப் போயிருந்தது. ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பாத்தியா? இன்னா கொள்ளை போச்சு? ஒரு மண்ணும் ஆவலை. இவனுங்க பண்றது பூரா வெத்து மிரட்டலு" என்று கன்னியப்பனிடம் கண்ணடித்தார் ராஜாராம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் வருஷா வருஷம் பிடித்தார். சாமுவேல் வருஷா வருஷம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போவார், இவர் வருஷா வருஷம் பிடுங்குவார். "மேனேஜர் ராஜாராம் மெஷினுக்கு ஓய்வு குடுக்கறதாலதான் அது இன்னும் ஓடுது" என்று டீக்கடையில் பெருமை வேறு.

இப்படியே காலம் ஓடியது. பாவாடை தடுக்கிய பெண்ணுக்குக் கல்யாண வயசு வந்தது. பழையசீவரத்தில் நல்ல இடம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பம்ப் செட்டும் நஞ்சையும் இருந்தது. பேச்சு முடிந்து, நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் சுலோச்சனா சுருண்டு படுத்தாள்.

"குளிருது நைனா. தொடை கிட்ட நெறி கட்டிக்கினு கீது. போன மாசமும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள்.

ராஜாராமுக்குப் பின்கட்டு அத்தை ஞாபகம் வந்தது. அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததென்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். மாசா மாசம் குளிர் ஜுரம், நெறி, அப்புறம் கால். உள்ளங்கையில் வைத்து வளர்த்த பெண். உலகத்தில் அவர் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஜீவன் அவள்தான். அவளுக்கும் ஒரு பின்கட்டு, ஒரு சாத்தின கதவு, சந்து வழியாக ஒரு தட்டு. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

மறுநாள் சாயங்காலம், ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு கொசு டாக்டர் ரூம் வாசலில் போய் நின்றார். சாமுவேல் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. உட்கார வைத்தார், ஊசியில் ரத்தம் எடுத்தார், "இரண்டு நாளில் வாங்க" என்றார்.

இரண்டாம் நாள் போனபோது சாமுவேலின் முகம் தெளிவாக இல்லை.

"கோடு ஒண்ணும் விழலை. அப்படின்னா நோய் இல்லைன்னு அர்த்தம். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். நோய் இருக்குன்னு நமக்கே தெரிஞ்ச ஒரு ஆளோட ரத்தத்தையும் கூட வச்சுப் பார்த்தேன். அதுலயும் கோடு ரொம்ப மங்கலாத்தான் விழுது. சாறு வீரியம் குறைஞ்சிருக்குமோன்னு தோணுது" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு ராஜாராமுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "ஃப்ரீசர் எப்பவாவது நின்னுதா ராஜாராம்? நான் ஊர்ல இல்லாத நாள்ல? நின்னிருந்தா சொல்லிடுங்க, தப்பே இல்லை. இந்த சோதனையைத் தூக்கிப் போட்டுட்டு இன்னைக்கே பிள்ளைக்கு மாத்திரை ஆரம்பிச்சுடலாம். எப்பவாவது நின்னுதா?"

சட்டைக் கையை மடித்துவிட்டபடி சுலோச்சனா பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் யார் முன்னால் சொல்வது? இந்த ஒல்லிப்பிச்சான் முன்னால், "நீ சொன்னதை மீறினேன்" என்று மேனேஜர் ராஜாராம் தலை குனிவதா? அந்த நேரத்திலும் அவருக்கு முன்னால் வந்து நின்றது மகளின் கால் இல்லை, தன் மீசைதான்.

"என் ஜெனரேட்டரு இருக்கறப்போ ஃப்ரீசரு நிக்கிறதா? இன்னா பேச்சு பேசறீங்க? ஒரு நிமிஷம் கூட நிக்கலை டாக்டர்" என்றார்.

"நிச்சயமா?"

"அட இன்னாங்க நீங்க, நொய்யு நொய்யுன்னு!"

"அப்ப சரி. இருந்தாலும் ஒரு நாள் ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமா? நானே வீட்டுக்கு வர்றேன்."

"ராத்திரியில கொசு டாக்டரு என் வூட்டு வாசல்ல வந்து நின்னா நிச்சயம் நடக்குமா? வேற வெனையே வேணாம் எனக்கு. அதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களே" என்று எழுந்துவிட்டார். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறான் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தார். பிடித்த வார்த்தை ஒன்றுதான்: இல்லை. அன்றைக்கு ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டார்.

தையில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. முதல் வருஷம் ஆடிக்குச் சீர் வைத்துப் பெண்ணை அழைத்து வந்தார், ஆவணியில் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் வருஷமும் ஆடிக்கு அவர்களாகவே அனுப்பி வைத்தார்கள். முதல் வருஷம்தான் அது வழக்கம். இரண்டாம் வருஷமும் பெண் பெட்டியோடு வந்து இறங்கும்போதே புரிந்திருக்க வேண்டும். புடவையை இழுத்து இழுத்துக் காலை மறைத்துக்கொண்டு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, ஒருத்தரும் கூப்பிட வரவில்லை. "நோயைத் தெரிஞ்சே எங்க தலையில கட்டினவங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம்" என்று பழையசீவரத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தீபாவளிக்குள் அவளுடைய இடது கால் கணுக்காலில்லாமல் ஒரே உருட்டாக ஆகிவிட்டது.

குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். நம்ம மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? நேராக பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனார்.

"என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டான்யா கொசு டாக்டரு! ரத்தத்தைப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னவன் அவன். அவனுக்கு ஒரு ரத்தம் பாக்கத் தெரியலை, இவன்லாம் டாக்டரு! நம்ம ரத்தத்தை உறிஞ்சிக் கொசுவுக்கு ஊத்தறான்யா!"

பெற்ற வயிறு எரிகிறதே என்று ஜனம் நம்பியது. உள்ளேயே வேலை செய்கிற மேனேஜரே சொல்லும்போது நம்பாமல் என்ன? ஊர் ஊராகக் கதவைச் சாத்தினார்கள். ரத்தம் எடுக்கப் போன ஜீப் மீது கல் விழுந்தது. அந்தப் பக்கம், பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். வேறு இடங்களில் இதே மாதிரிச் சாறு பளிச்சென்று கோடு காட்டுகிறது, உன்னிடம் மட்டும் ஏன் ஒன்றுமே விழவில்லை என்றார்கள். சாமுவேல் கன்னியப்பனைக் கூடக் கேட்டுப் பார்த்தார், மேனேஜருக்குப் பயந்து அவனும் ஃப்ரீசர் நிற்கவே இல்லை என்றான். எல்லாவற்றையும் மூன்று தடவை சரி பார்க்கிற மனிதர், தன் கை வேலையில் எங்கே தப்பு என்று தேடித் தேடியே பாதியாகப் போனார். எண்பத்தி நாலில் ஸ்தாபனத்தை இழுத்து மூடினார்கள். நிலம் கள்ளிக்கே திரும்பியது.

ஊரை விட்டுப் போகிற அன்று சாமுவேல் ராஜாராம் வீட்டுக்கு வந்தார். ராஜாராம் உட்காரச் சொல்லவில்லை. சாமுவேலும் எதிர்பார்க்கவில்லை. சுலோச்சனாவிடம் ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் கேட்டு வாங்கி, காலை எப்படிக் கழுவ வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் எப்படி ஒற்ற வேண்டும், எப்படித் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என் பேர்லதாம்மா. எங்க விட்டேன்னுதான் இன்னும் தெரியலை. மன்னிச்சுக்கோ" என்றார்.

கதவில் சாய்ந்து நின்ற ராஜாராம், "சாரி சொன்னா கால் எளைச்சுடுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஜெயித்த ஆளைப் போல மீசையையும் தடவிக்கொண்டார். தூ!

ஸ்தாபனத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஃப்ரீசரை எடுத்தவர் பஜார் தெரு ஹபீபுல்லா. சோடாக் கடைக்காரர். அதில் பால் ஐஸ் போட்டு விற்க ஆரம்பித்தார், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. வேலை போன ராஜாராமுக்குப் பொழுது போவது அந்தக் கடை வாசலில்தான். கொத்தில் ஒரு சாவியும் உருப்படி இல்லை, ஆனாலும் இடுப்பில் தொங்கும். ஹபீபுல்லாவும் மரியாதைக்கு "மேனேஜர் சாப்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் ஆயுத பூஜை கும்பிடுகிறவர்கள் என்பதால் ஹபீபுல்லாவே பொரியும் பூசணிக்காயும் வாங்கி வைத்திருந்தார். சோடா மெஷினுக்கு மாலை போட்டார்கள். ராஜாராமுக்குப் பழைய ரத்தம் கொதித்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணியை வாங்கினார். ஃப்ரீசருக்கு அவரே பட்டை போட்டார், பொட்டு வைத்தார், கற்பூரம் காட்டினார். பழக்க தோஷம், கை தானாகப் பிளக்குக்குப் போனது.

"சாப், சாப்! அதை மட்டும் தொடாதீங்க" என்று ஹபீபுல்லா ஓடி வந்து கையைப் பிடித்தார். "மாலை போடுங்க, பொட்டு வைங்க, இன்னா வேணா செய்யுங்க. பிளக்கை மட்டும் விட்டுடுங்க."

இதே வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ராஜாராமுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுவாரா?

"ஒரு நாள் நின்னா இன்னாய்யா ஆயிடும்? இந்தப் பொட்டியை நான் வருஷா வருஷம் நிறுத்தினவன். மறுநாள் போட்டா கல்லாட்டம் இறுகிக்கும். ஒரு மண்ணும் ஆவாது."

ஹபீபுல்லா சிரித்தார். "இறுகும் சாப், ஏன் இறுகாது? வாங்கின புதுசுல புயலடிச்சுக் கரண்ட் போச்சுல்ல, நானும் உங்களாட்டந்தான் நெனைச்சேன். கரண்ட் வந்ததும் பாத்தா ஜம்முன்னு கல்லு மாதிரி நிக்குது. அப்பிடியே வித்தேன். வாயில வெச்சவன் எல்லாம் துப்பிட்டுப் போனான். பாலு வேற தண்ணி வேறயாப் பிரிஞ்சு, நறநறன்னு மண்ணு மாதிரி. கண்ணுக்குத்தான் சாப் ஐஸு. உள்ள செத்துப் போச்சு. ஒரு தபா உருகினது திரும்ப இறுகினா அது பழசு இல்ல. இது ஐஸ் விக்கிறவன் அத்தினி பேருக்கும் தெரியும்."

கடைக்காரர் அவர் பாட்டுக்குப் பொரியை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ராஜாராம் கையில் மணியோடு நின்றார். ஃப்ரீசர் எப்பவாவது நின்னுதா ராஜாராம்? மங்கலாக விழுந்த கோடு. கன்னியப்பன் கோணி போட்டுத் துடைத்த தண்ணி. நின்னிருந்தா சொல்லிடுங்க, தப்பே இல்லை. மணியை ஃப்ரீசர் மேல் வைத்தார். யாரோ நாற்காலி போட்டார்கள். ஆயுசிலேயே முதல் தடவையாக அவர் நாற்காலியில் உட்காராமல் நடந்தார்.

வீட்டில் சுலோச்சனா கூடத்தில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பொரிப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்தார். எதுவும் சொல்லக் கூடாதென்றுதான் வந்தார். ஆனால் நெஞ்சு கொள்ளவில்லை, வாய் உளறிவிட்டது.

"ஹபீபுல்லா சொல்றான், ஐஸு ஒரு தபா உருகிட்டா அவ்ளோதானாம். திரும்ப இறுகினாலும் உள்ள செத்துடுமாம்."

முறம் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், புத்தியில் அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அன்னைக்கு டாக்டரு உன்னைக் கேட்டாரே நைனா. பொட்டி நின்னுதான்னு."

ராஜாராம் பொரிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தார்.

"கற்பூரத் தட்டைப் புடிச்சுக்கினு வருஷா வருஷம் நாந்தானே கூட வந்தேன். நீ பிடுங்கினதைப் பாத்தவ நான். நீ நிக்கலைன்னு சொன்னப்போ பொய்யின்னு எனக்குத் தெரியும். வெளி ஆளு முன்னாடி அப்பனை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கினேன். அதுல என் காலு கீதுன்னு எனக்கெப்படித் தெரியும்? பெத்தவன் பொய் சொன்னா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவான்னு நெனைச்சேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அந்த மனுஷன் என் காலைத் தொட்டுக் கழுவிட்டு மன்னிப்பு கேட்டுட்டுப் போனாரு. நீ கதவாண்ட நின்னு மீசையைத் தடவிக்கினு இருந்தே."

"எனக்கு மட்டும் தெரியுமா சுலோ? தெரிஞ்சா செஞ்சேன்?"

"இப்பத் தெரியுதில்ல? பஸ் ஸ்டாண்டுல நின்னு அவரைத் திட்டினியே, அதே எடத்துல போயி சொல்லு. கெடுத்தது டாக்டரு இல்ல, நான்தான்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ராஜாராம் சிந்தின அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டார். பிறகு, "நாளைக்கு விஜயதசமி. நல்ல நாளு. நாளைக்குக் காலையில போயி சொல்லிடறேம்மா" என்றார். அந்த நிமிஷத்தில் நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தார். பாவம் என்று ஒரு நொடி நமக்கே தோன்றியிருக்கும்.

காலையில் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதே பெஞ்சு, அதே ஆட்கள். "வாங்க மேனேஜர் சார்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டீ வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த சாமுவேல் டாக்டரு கீறாரே..." என்று ஆரம்பித்தார்.

"யாரு, கொசு டாக்டரா?" என்று பக்கத்திலிருந்த ஏகாம்பரம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நாஷ்டா குடுத்துக் கொசு வளத்தான்னு நீங்க சொல்லுவீங்களே சார், இன்னொரு தபா சொல்லுங்க!"

பெஞ்சு முழுக்க முகங்கள் அவரையே பார்த்தன. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஒரு கூட்டம்! ராஜாராம் டீயை ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். பிறகு சொன்னார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது சுலோச்சனா கிணற்றடியில் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேம்மா" என்றார் ராஜாராம்.

அதே குரல். ஒரு நிமிஷம் கூட நிக்கலை டாக்டர் என்று சொன்ன அதே குரல். சுலோச்சனாவுக்கு அந்தக் குரல் தெரியும். அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வாசலில் வந்து நின்ற நோயாளிகளை அவர் ஆயுசெல்லாம் பார்த்த பார்வை அது. அப்புறம் குனிந்து, டாக்டர் காட்டிக் கொடுத்த மாதிரியே, விரல் விரலாகக் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.